செயலாளர் பதவியும் ஐந்து ஹோட்டல் இரவுகளும்

2024 பிப்ரவரி கடைசியில், கோலாலம்பூரில் நடந்த எங்கள் வட்டார நிலவியலாளர் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், போட்டியே இல்லாமல் நான் கௌரவச் செயலாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டேன். அன்றைக்கு அதை எனக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்து வீட்டுக்கு இனிப்பு வாங்கிப் போனேன். ஒரு பதவிக்குப் போட்டி ஏன் இல்லை என்று கேட்டுப் பார்க்க வேண்டும் என்பது எனக்குத் தோன்றவில்லை. அடுத்த ஏழு மாதங்களில் என் கைப்பணம் 3,803 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) போனது, தூக்கமும் போனது. சங்கம் எதுவாக இருந்தாலும், மாதக் கூட்டம் நடத்தும் பொறுப்பை ஏற்கப்போகிறவர்களுக்கு இது உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன். எனக்கு முன்பு அந்த நாற்காலியில் இருந்தவர்களில் ஒருவராவது இதைச் சொல்லியிருக்கலாம் என்ற வருத்தம் இன்னும் இருக்கிறது.

நிலவியலாளர் என்றால் எங்கள் உறவினர்களில் பாதிப் பேர் பூகோள வாத்தியார் என்றும், மீதிப் பேர் நிலம் வாங்கி விற்பவர் என்றும் நினைக்கிறார்கள். உண்மையில் நான் செய்வது, கட்டடம் எழுப்பும் முன் நிலத்தைத் துளையிட்டு எடுக்கும் மண்ணையும் பாறையையும் பார்த்துப் பதிவு செய்யும் வேலை. இந்தத் துறைக்கு மலேசியாவில் 1967 முதல் இயங்கும் நிலவியல் கழகம் இருக்கிறது. நிலவியலாளர்களைப் பதிவு செய்வதற்கென்று 2008-ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கிறது. எங்களுடையது அவற்றோடு ஒப்பிட முடியாத சிறிய சங்கம். கோலாலம்பூரைச் சூழ்ந்த கிள்ளான் பள்ளத்தாக்கில் வேலை செய்யும் ஏறத்தாழ நூற்றிருபது பேர் உறுப்பினர்கள். மாதத்தின் மூன்றாவது புதன்கிழமை மாலை, ஒரு பல்கலைக்கழகத்தின் பழைய விரிவுரை அறையில் கூடுவோம். ஒருவர் தான் பார்த்த தளத்தைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசுவார். பிறகு கறிபாப் பலகாரம், தே தாரேக் தேநீர், வாக்குவாதம். அறைக்கு வாடகை இல்லை. ஒரு மாலைக்கு முந்நூறு வெள்ளிக்கு மேல் செலவானதில்லை.

இப்படி நன்றாகவே நடந்துகொண்டிருந்ததை நான்தான் மாற்றினேன். கார் நிறுத்த இடமில்லை, குளிர்சாதனம் பாதி நாள் வேலை செய்வதில்லை, இளைஞர்கள் வருவதில்லை என்று உறுப்பினர்கள் குறை சொல்வதைப் பல ஆண்டுகளாகக் கேட்டிருந்தேன். வந்த வேகத்தில் எல்லாவற்றையும் சரிசெய்துவிட வேண்டும் என்ற துடிப்பில், நகரின் நடுவே ஒரு ஹோட்டலில் பேசி, ஏப்ரல் முதல் நவம்பர் வரை எட்டு மாலைகளுக்கு மொத்தமாக ஒப்பந்தம் போட்டேன். மார்ச்சில் நோன்பு மாதம் என்பதால் கூட்டம் இல்லை. எட்டு மாலைகளைச் சேர்த்து எடுத்தால் விலையில் கழிவு உண்டு என்று விற்பனைப் பிரிவுப் பெண் சொன்னார். தலைக்கு 65 வெள்ளி, இரவு உணவுடன். செயற்குழுவின் வாட்ஸ்அப் குழுவில் விலையைப் போட்டேன்; மூன்று பேர் கட்டைவிரல் காட்டினார்கள். அதைத் தீர்மானம் என்று எடுத்துக்கொண்டு கையெழுத்திட்டேன்.

ஒப்பந்தத்தில் 65 வெள்ளிக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தன. பத்து விழுக்காடு சேவைக் கட்டணமும் ஆறு விழுக்காடு வரியும் தனி என்பது அதன் பொருள். ஆக ஒரு தலைக்கு 75 வெள்ளி 40 சென். அதைவிட முக்கியமான வாசகம் ஒன்று கீழே இருந்தது: வந்தாலும் வராவிட்டாலும் குறைந்தது முப்பது பேருக்குப் பணம் கட்ட வேண்டும். அதாவது ஒரு மாலைக்கு 2,262 வெள்ளி. நூற்றிருபது உறுப்பினர்களில் முப்பது பேர் வரமாட்டார்களா என்று எனக்குத் தோன்றியது. பழைய வருகைப் பதிவேடுகளைத் திறந்து ஓராண்டுச் சராசரியைப் பார்த்திருந்தால் இருபத்தொன்று என்று தெரிந்திருக்கும். அந்தப் பதிவேடு என் மேசையிலேயே, முந்தைய செயலாளர் தந்த பிளாஸ்டிக் கோப்புக்குள் இருந்தது. நான் அதைத் திறந்தது ஜூலையில். அரங்கம் ஏற்பாடு செய்யப் போகும் எவரும் முதலில் பார்க்க வேண்டியது அரங்கத்தையல்ல, அந்தப் பதிவேட்டைத்தான். அதில் வரும் சராசரியிலிருந்தும் ஐந்து பேரைக் கழித்துவிட்டு அந்த எண்ணிக்கைக்கு மட்டுமே உத்தரவாதம் கொடுங்கள். கூடுதலாக ஆள் வந்தால் நாற்காலி போட எந்த ஹோட்டலும் மறுப்பதில்லை.

முன்பணம் இருபது விழுக்காடு, 3,619 வெள்ளி 20 சென். சங்கத்தின் வங்கிக் கணக்கில் பதினாலாயிரம் வெள்ளி இருந்தது. ஆனால் எடுக்க முடியவில்லை. காசோலையில் கையெழுத்திடும் உரிமை பழைய தலைவர், பழைய செயலாளர், பழைய பொருளாளர் ஆகிய மூவருக்கும் இருந்தது. அவர்களில் இருவர் கையெழுத்திட வேண்டும். பொருளாளர் வேலை மாற்றலாகி வெளிநாடு போய்விட்டார், செயலாளர் சரவாக்கில் ஒரு திட்டத்தில் இருந்தார். கையெழுத்தாளர்களை மாற்றப் பொதுக்கூட்டக் குறிப்பும், சங்கப் பதிவிலாகாவில் புதுப்பிக்கப்பட்ட பொறுப்பாளர் பட்டியலும் வேண்டும் என்று வங்கியில் சொன்னார்கள். பட்டியலைப் புதுப்பிக்கப் போனபோதுதான், எங்கள் சங்கம் அதற்கு முந்தைய ஆண்டு அறிக்கையையே அனுப்பவில்லை என்று தெரிந்தது. 1966-ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டப்படி, ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்த அறுபது நாட்களுக்குள் கூட்டக் குறிப்பு, பொறுப்பாளர் விவரம், கணக்கு ஆகியவற்றைப் பதிவிலாகாவுக்கு அனுப்பியாக வேண்டும். தவறினால் அபராதம் வரலாம், பதிவே ரத்தாகவும் வழி இருக்கிறது. இதில் பதிவிலாகாவைக் குறை சொல்ல எதுவுமில்லை, தவறு முழுக்க எங்களுடையது. பழைய கணக்கைத் தேடித் தணிக்கை செய்து, இரண்டு ஆண்டு அறிக்கைகளையும் அனுப்பி, வங்கியில் புதிய கையெழுத்துகள் ஏற ஆகஸ்ட் இரண்டாம் வாரம் ஆகிவிட்டது.

அதுவரை எல்லாவற்றையும் என் கடன் அட்டையில் கட்டினேன். இந்த ஒரு காரியத்தைச் செய்யாதிருந்தால் மற்ற எல்லாத் தவறுகளும் சின்னத் தவறுகளாக முடிந்திருக்கும். சங்கத்தால் பணம் கட்ட முடியவில்லை என்றால் சங்கம் அந்த நிகழ்ச்சியை நடத்தக்கூடாது, அவ்வளவுதான். நான் கட்டியதால் யாருக்கும் அவசரம் தெரியவில்லை. தலைவர் கூட, ‘நீங்கள் பார்த்துக்கொள்கிறீர்கள் அல்லவா, பிறகு கணக்கு முடிப்போம்’ என்று அன்போடு சொன்னார். கூட்டத்துக்கு வரும் உறுப்பினர்கள் தலைக்குத் தரும் ஐம்பது வெள்ளியையும் என் சொந்தக் கணக்கின் டுயிட்நவ் என்ற கைப்பேசிப் பணமாற்றுக் குறியீட்டில் வாங்கினேன். ஆண்டிறுதியில் தணிக்கையாளர் என் சம்பளம், வீட்டுக் கடன் தவணை, மளிகைச் செலவு எல்லாம் இருக்கும் வங்கி அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, சங்கத்துக்குரிய வரிகளுக்கு மஞ்சள் மை பூசியபோது எனக்கு ஏற்பட்ட கூச்சத்தைச் சொல்லி முடியாது. ஒரு சென் கூட நான் எடுக்கவில்லை. இருந்தும் எடுக்கவில்லை என்று நிரூபிக்க வேண்டிய நிலைக்கு நானே என்னைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தேன்.

ஏப்ரல் 17 அன்று முதல் ஹோட்டல் கூட்டம். வாட்ஸ்அப்பில் முப்பத்தெட்டுக் கட்டைவிரல்கள். வந்தவர்கள் பத்தொன்பது பேர். நோன்புப் பெருநாள் முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது, பலர் பெருநாளுக்கு எல்லாரையும் அழைக்கும் திறந்த இல்ல விருந்துகளில் இருந்தார்கள். மே மாதம் வந்தவர்கள் பதினான்கு பேர். ஜூனில் பேச வேண்டியவரை அன்று பிற்பகலில் ஒரு சரிவுத் தளத்துக்கு அவசரமாக அழைத்துவிட்டார்கள். எங்கள் தொழிலில் இதைக் குறை சொல்ல முடியாது. மாற்று ஏற்பாடு இல்லாததால், மடிக்கணினியில் கிடந்த என் பழைய படங்களை வைத்துக்கொண்டு நானே பேசினேன். கேட்டவர்கள் பதினொரு பேர், அவர்களில் இருவர் என் அலுவலகத்தினர். பேச ஒப்புக்கொண்டவர் வராமல் போகும் நாள் ஆண்டுக்கு ஒருமுறையாவது வரும். அதற்கென்று உள்ளூரிலேயே ஒருவரிடம் ஒரு பேச்சை முன்கூட்டியே வாங்கி வைத்திருக்க வேண்டும்.

ஆனால் ஆள் குறைந்ததற்குப் பேச்சாளரோ பெருநாளோ முழுக் காரணமல்ல. அது எனக்கு மே மாதக் கூட்டத்தில்தான் உறைத்தது. அன்றைய தலைப்பு ஹைலண்ட் டவர்ஸ். 1993 டிசம்பர் 11 அன்று உலு கிள்ளானில் அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்று கட்டடங்களில் ஒன்று சரிந்து 48 பேர் இறந்தார்கள். பின்புறச் சரிவும் தடுப்புச் சுவர்களும் மழை நீர் வடிகாலும் எப்படி ஒன்றையொன்று கெடுத்தன என்பதை எங்கள் தலைமுறை படித்துத்தான் தொழிலுக்கு வந்தது. பேச வந்த மூத்தவர், சிதைந்த கருங்கல் எப்படி விரலால் நசுக்கினால் மணலாகிவிடுகிறது என்று காட்ட நிலத்தைத் துளையிட்டு எடுத்த துளைக்கல் மாதிரிகளை ஒரு பெட்டி நிறையக் கொண்டு வந்திருந்தார். ஹோட்டல் ஊழியர் வாசலிலேயே நிறுத்திவிட்டார். கம்பளம் அழுக்காகும், துப்புரவுக் கட்டணம் தனி. மாதிரிப் பெட்டி காரின் பின்புறமே இருந்துவிட்டது. அவர் படம் காட்டிப் பேசினார், நாங்கள் கைதட்டினோம், பின்பு எல்லாரும் வட்ட மேசைகளில் நான்கு நான்கு பேராகப் பிரிந்து சாப்பிட்டுவிட்டுப் போனோம். எழுந்து போய் யாரும் யாரோடும் சண்டை போடவில்லை.

பழைய விரிவுரை அறையில் நடந்ததை நினைத்துப் பார்த்தேன். பேச்சு முடிந்ததும் எல்லாரும் முன் மேசையைச் சூழ்ந்துகொள்வோம். துளைக்கல் பெட்டியைத் திறந்து வைத்து, ஒருவர் சுத்தியலால் தட்டுவார். ஒருவர் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பார், சுண்ணாம்புக் கல்லாக இருந்தால் நுரைத்துச் சீறும். ‘இது கென்னி ஹில் மணற்கல் இல்லை, நன்றாகப் பாருங்கள்’ என்று கோலாலம்பூரின் ஒரு பாறை வகையைக் குறித்து ஒருவர் சொல்ல, இன்னொருவர் மறுக்க, புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் இரண்டு பேருக்கும் நடுவில் தலையை நீட்டிக்கொண்டு கேட்பார்கள். நான் தொழில் கற்றுக்கொண்டது அந்த மேசையில்தான். கோலாலம்பூரின் நடுப்பகுதிக்கு அடியில் சுண்ணாம்புப் பாறை. அதன் மேற்பரப்பு ஊசி ஊசியாக எழுந்தும் குழிந்தும் கிடக்கும். இரண்டு மீட்டர் இடைவெளியில் துளையிட்டால் ஒன்றில் ஆறு மீட்டரில் பாறை தட்டும், அடுத்ததில் முப்பது மீட்டர் போனாலும் தட்டாது. பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரங்களையே முதலில் திட்டமிட்ட இடத்திலிருந்து ஏறத்தாழ 60 மீட்டர் தள்ளிக் கட்ட நேர்ந்தது இதனால்தான். பாடப்புத்தகத்தில் இதை ஒரு பத்தியில் படித்துவிடலாம். ஆனால் துளைக் கருவியில் எடை திடீரென்று குறைவதைக் கண்டால் கீழே குகை இருக்கிறது என்று எப்படி உணர்வது, அந்த நேரத்தில் ஒப்பந்தக்காரரிடம் என்ன சொல்வது என்பதைக் கறிபாப் கையில் இருக்கும்போதுதான் யாராவது சொல்லித் தருவார்கள். அந்த மேசையை நான் எடுத்துவிட்டு, வெள்ளைத் துணி போட்ட எட்டு மேசைகளை வைத்திருந்தேன். குளிர்சாதனமும் கார் நிறுத்தமும் பற்றிக் குறை சொன்னவர்களே இப்போது வரவில்லை. மக்கள் வாயால் சொல்லும் குறைக்கும் அவர்கள் காலால் காட்டும் விருப்பத்துக்கும் இருக்கும் தூரத்தை நான் அளந்து பார்க்கவில்லை.

ஜூன் கடைசியில் ஒப்பந்தத்தை ரத்து செய்யக் கடிதம் கொடுத்தேன். அறுபது நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்றார்கள்; ஆகவே ஜூலையும் ஆகஸ்டும் தப்பவில்லை. ஜூலையில் பன்னிரண்டு பேர். ஆகஸ்ட் 21 இரவை என்னால் மறக்க முடியாது. முப்பது பேருக்கு வைத்த சாப்பாட்டின் முன் நாங்கள் ஒன்பது பேர். கோழிக் குழம்பு தட்டு நிறைய அப்படியே இருந்தது. தாபாவ் செய்யலாமா, அதாவது பொட்டலம் கட்டி எடுத்துப் போகலாமா என்று கேட்டேன். விதி அனுமதிக்காது என்று பரிமாறிய பெரியவர், பார்த்தால் எங்கள் அப்பா வயது, தாழ்ந்த குரலில் ‘மன்னிச்சுருங்க தம்பி’ என்றார். காரில் ஏறி உட்கார்ந்து வெகுநேரம் இயந்திரத்தை இயக்காமலே இருந்தேன். அன்று இரவுதான் மனைவியிடம் கடன் அட்டைக் கணக்கைக் காட்டினேன். ‘இதை ஏப்ரல்லயே சொல்லியிருந்தா வட்டியாவது மிஞ்சியிருக்குமே’ என்று மட்டும் சொன்னாள்.

அதற்கு இரண்டு நாள் கழித்து, ஆகஸ்ட் 23 காலை, கோலாலம்பூரின் மஸ்ஜித் இந்தியா பகுதியில் நடைபாதை உள்வாங்கி, இந்தியாவிலிருந்து வந்திருந்த ஒரு பெண்மணி ஏறத்தாழ எட்டு மீட்டர் ஆழப் பள்ளத்தில் விழுந்து காணாமற்போனார். ஒன்பது நாள் தேடியும் அவர் கிடைக்கவில்லை. நம் மக்கள் துணி வாங்கவும் நகை வாங்கவும் தினமும் நடக்கும் தெரு அது. நிலத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்ற கேள்வியை என்னிடம் அதுவரை ஒருவரும் கேட்டதில்லை. அந்த வாரம் முடிவெட்டும் கடையில் கூடக் கேட்டார்கள். செப்டம்பர் 18 கூட்டத்தைப் பழைய விரிவுரை அறைக்கே கொண்டுபோய், சுண்ணாம்புப் பாறையும் நிலம் உள்வாங்குதலும் என்று தலைப்பு வைத்து, பொதுமக்களும் வரலாம் என்று அறிவித்தேன். நூறு பேருக்கு மேல் வந்தார்கள். படிக்கட்டில் உட்கார்ந்தார்கள். குளிர்சாதனம் அன்றும் வேலை செய்யவில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். அந்தப் பள்ளத்துக்கு என்ன காரணம் என்று மேடையிலிருந்து யாரும் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்று பேச்சாளரிடம் முன்பே கேட்டுக்கொண்டிருந்தேன். சுண்ணாம்புப் பாறையில் நீர் கரைத்த குழிக்குள் மேல்மண் இறங்கினாலும் நிலம் உள்வாங்கும். உடைந்த குழாய் மண்ணை அரித்துக்கொண்டு போனாலும் உள்வாங்கும். இடத்தை ஆராயாமல் இதுதான் என்று சொல்ல முடியாது. அவர் அப்படியே கவனமாகப் பேசினார். ஆனால் பார்வையாளர் ஒருவர் நாற்பது விநாடியை மட்டும் வெட்டி எடுத்துப் பரப்பிவிட்டார். அதில் பேச்சாளர் முதல் காரணத்தைச் சொல்வது மட்டும் இருந்தது. மறுநாளே அவருடைய நிறுவனத்திலிருந்து விளக்கம் கேட்டார்கள். அவரிடம் மன்னிப்புக் கேட்கப் போனபோது வீட்டில் காபி கொடுத்துத்தான் அனுப்பினார். ஆனாலும் அதற்குப் பிறகு அவர் எங்கள் கூட்டத்தில் பேச ஒப்புக்கொள்ளவில்லை. பொதுமக்களை அழைக்கும் கூட்டத்தில் தனியார் பதிவு கூடாது என்று தொடக்கத்திலேயே அறிவித்துவிட்டு, சங்கமே முழுப் பேச்சையும் பதிவு செய்து வைத்துக்கொள்வது நல்லது.

அன்று கேள்வி நேரத்தில் மஸ்ஜித் இந்தியாவில் முப்பது ஆண்டுகளாகத் துணிக்கடை வைத்திருக்கும் ஒரு பெரியவர் எழுந்து, ‘ஐயா, என் கடைக்கு அடியில என்ன இருக்குன்னு ஒரு வார்த்தையில சொல்லுங்க’ என்று தமிழில் கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். பேச்சாளர் பதில் சொல்லாமல் மேசைக்கு அழைத்து, துளைக்கல் ஒன்றை அவர் கையில் கொடுத்து, அமிலப் புட்டியைத் திறந்தார். கல் சீறியதும் பெரியவர் கையை இழுத்துக்கொண்டார். பிறகு குனிந்து மறுபடி பார்த்தார். துளையிட்டுப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது என்பதை அதன்பின்தான் பேச்சாளர் சொன்னார், பெரியவரும் தலையசைத்து ஏற்றுக்கொண்டார். அந்த மாலைக்கான மொத்தச் செலவு, கறிபாப் தீர்ந்துபோய் இரண்டாவது தடவை வாங்கியதையும் சேர்த்து, 410 வெள்ளி.

கணக்கை முடிக்கிறேன். ஐந்து மாலைகளுக்கு 11,310 வெள்ளி. நடக்காத மூன்று மாலைகளின் முன்பணம் 1,357 வெள்ளி 20 சென் திரும்பி வரவில்லை. வந்த அறுபத்தைந்து பேரிடம் வாங்கியது 3,250 வெள்ளி. பற்றாக்குறை 9,417 வெள்ளி 20 சென். அக்டோபர் செயற்குழுக் கூட்டத்தில் இதில் ஆறாயிரத்தைச் சங்கம் ஏற்பதாகத் தீர்மானித்தார்கள். முறையான தீர்மானம் இல்லாமல் கையெழுத்திட்டதால் மீதி என் பொறுப்பு என்றார்கள். அன்று கோபம் வந்தது; கட்டைவிரலுக்கும் தீர்மானத்துக்கும் வேறுபாடு உண்டு என்பதால் வாதாட என்னிடம் ஒன்றுமில்லை. அதன் மேல் அட்டை வட்டி 386 வெள்ளி. செயற்குழுவில் ஐந்து நிமிடம் ஒதுக்கி, தொகை, ஆள் எண்ணிக்கை, ரத்து விதி ஆகிய மூன்றையும் எழுதிக் குறிப்பில் ஏற்றியிருந்தால் இந்தப் பணம் என் பிள்ளையின் கல்விச் சேமிப்பில் இருந்திருக்கும்.

2025-இல் என்னிடமிருந்து பொறுப்பை ஏற்றவர் ஒரு இளம் பெண், துளையிடும் தளங்களில் நாள் முழுக்க நின்று வேலை செய்பவர். பொதுக்கூட்டத்துக்கு இரண்டு வாரம் முன்பே ஒரு சனிக்கிழமை அவரைப் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடையில் சந்தித்து, மூன்று மணி நேரம் கோப்புகளை ஒவ்வொன்றாகக் காட்டினேன். வருகைப் பதிவேட்டை மேலே வைத்தேன். வங்கிப் படிவத்தில் அவர் நிரப்ப வேண்டிய இடங்களை அடையாளமிட்டுக் கொடுத்தேன். அறுபதாவது நாள் எந்தத் தேதி என்பதை அவரே கைப்பேசியில் குறித்துக்கொண்டார். எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, ‘அண்ணே, அந்த அமிலப் புட்டி யார்கிட்ட இருக்கு?’ என்றார். என் காரில்தான் இருந்தது. போய் எடுத்து வந்து கொடுத்தேன்.